பள்ளிக்கரணை: ஒரு கிலோமீட்டர் தடை... யாருக்குக் கொடுக்கலாம் விலக்கு?

வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்... தென்சென்னையில் சொந்த வீடு வாங்க நினைக்கும் எவருடைய பட்டியலிலும் இவற்றில் ஓர் ஊராவது இருக்கும். ஐ.டி வேலை, மேம்பாலம், நல்ல பள்ளிக்கூடம், வரப்போகும் மெட்ரோ என்று காரணங்கள் பல. இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்!

அந்தச் சதுப்பு நிலத்துக்குள்ளும், அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் வரையிலும் புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அடுத்த மாதமே, சதுப்பு நிலப் பகுதியில் எழும்பவிருந்த பெரிய அடுக்குமாடித் திட்டம் ஒன்றின் பணிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ரியல் எஸ்டேட் வட்டாரம் பரபரப்பானது. அரசியல் கட்சிகள் அறிக்கை விட்டன. மனை வாங்கிப் போட்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள், `நம்ம இடம் அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள வருதா?' என்று மொபைலில் மேப்பைத் திறந்து அளக்க ஆரம்பித்தன.

தடை என்று ஒன்று வந்தாலே, நிழல்போல இன்னொரு கேள்வியும் கூடவே வந்துவிடும். விலக்கு யாருக்கு?

அது என்ன ஒரு கிலோமீட்டர்?

முதலில் தடையின் அடிப்படையைப் புரிந்துகொள்வோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் `ராம்சார் தலம்' என்ற சர்வதேச அந்தஸ்தைப் பெற்றது. சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு இந்த எல்லைக்குள் வருகிறது. இதில் வனத்துறையின் கையில் இருக்கும் காப்புக்காடும் உண்டு. அதற்கு வெளியே உள்ள நிலங்களும் உண்டு.

ராம்சார் எல்லை வரைபடத்தில் இருக்கிறது. ஆனால், எந்தெந்த சர்வே எண்கள் அதற்குள் வருகின்றன என்று தரையில் இறங்கி அளந்து உறுதிசெய்ய வேண்டும். அதோடு, இந்தியாவின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் (2017) `தாக்கப் பகுதி' என்ற ஒன்றையும் வரையறுக்கச் சொல்கின்றன. சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் வரும் நீர்ப்பிடிப்புப் பரப்பில், எந்தப் பகுதியில் கட்டடம் எழும்பினால் சதுப்புக்குக் கெடுதல் வருமோ, அதுதான் தாக்கப் பகுதி. அது சில இடங்களில் 200 மீட்டராக இருக்கலாம். சில இடங்களில் 3 கிலோமீட்டராகவும் இருக்கலாம். தண்ணீர் வரும் வழியைப் பொறுத்தது.

அந்த ஆய்வு முடியும்வரை கைகட்டிக்கொண்டு இருந்தால், முடிவதற்குள் எல்லாம் கட்டி முடிக்கப்பட்டுவிடும். அதனால்தான் ஒரு கிலோமீட்டர் என்ற தற்காலிக வேலி. இது விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்ன தூரமல்ல, `கணக்குப் போட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் கைவைக்காதீர்கள்' என்று சொல்வதற்கான கோடு. விலக்கு பற்றிய எல்லா வாதங்களும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. தற்காலிக வேலிக்காக ஒரு குடும்பம் எத்தனை மாதம் வாடகையும் இ.எம்.ஐ-யும் சேர்த்துக் கட்ட முடியும் என்பது ஒரு பக்கம். வேலியில் ஓட்டை போட்டுவிட்டால் பிறகு ஆய்வு எதற்கு என்பது மறுபக்கம்.

சதுப்பு நிலம் என்ன வேலை செய்கிறது?

பூநாரைகளைப் படம் எடுக்கக் கேமராவோடு வருபவர்களுக்குப் பள்ளிக்கரணை ஒரு பறவைகள் கூடம். நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆனால், தென்சென்னைவாசிகளுக்கு அது செய்யும் பெரிய வேலை வேறு.

சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர், 30-க்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழிந்து இங்கேதான் வந்து சேருகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. வரும் வழிகள் பல. போகும் வழி ஒன்று. அதனால், வந்த தண்ணீர் வெளியேறும்வரை தேங்கி நிற்க ஒரு பெரிய தாம்பாளம் வேண்டும். அந்தத் தாம்பாளம்தான் சதுப்பு நிலம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழும் தண்ணீர் சுமார் 22,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரியில் கிட்டத்தட்ட இரண்டு லோடு! அந்த மனையை மண் கொட்டி மேடாக்கிவிட்டால், இந்த இரண்டு லோடு தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும். அவரும் மேடாக்கினால், அதற்கடுத்த தெருவுக்குப் போகும். ரோடு போடும்போதெல்லாம் தன் வீடு பள்ளமாவதைப் பார்த்த ஒவ்வொரு சென்னைவாசிக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் படகுகளை எதிர்பார்த்து நின்ற காட்சி யாருக்கும் மறந்திருக்காது.

விலக்குகளால் சுருங்கிய நிலம்

1965-ல் சுமார் 5,500 ஹெக்டேராக இருந்த இந்தச் சதுப்பு நிலம், 2013-ல் 600 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. எங்கே போனது?

`ஆக்கிரமிப்பு' என்று சட்டென்று பதில் வரும். அது பாதி உண்மைதான். பெருங்குடியில் சதுப்பின் மேலேயே குப்பை மலை எழுந்தது. ஊர்க் குப்பையை எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும் என்பது அதற்கான நியாயம். பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலை சதுப்பை ஊடறுத்துக்கொண்டு போனது. போக்குவரத்துக்கு வழி வேண்டும் என்பது நியாயம். பறக்கும் ரயில் நிலையம், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம், தேசிய காற்றாற்றல் நிறுவனம், ஐ.டி பூங்காக்கள் என ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து இருந்தது, ஒரு காரணம் இருந்தது. பெரும்பாலும் அது பொதுநலக் காரணம்.

அதாவது, சதுப்பு நிலத்தை விதி மீறியவர்கள் மட்டும் தின்னவில்லை. `இந்த ஒன்றுக்கு மட்டும்' என்று கொடுக்கப்பட்ட அனுமதிகளும் சேர்ந்துதான் தின்றன. இன்றைக்கு விலக்கு கேட்டு நிற்கும் ஒவ்வொருவரும் சொல்லும் வார்த்தையும் அதேதான்: `எனக்கு மட்டும்.'

அதற்காக, கேட்பவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்திவிட முடியுமா?

வரிசையில் நிற்பவர்கள் யார் யார்?

விலக்கு கேட்பவர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

*ஒற்றை மனைக்காரர்கள்:* ஓர் உதாரணத்துக்கு, பணி ஓய்வுபெற்ற ஒருவர் இருபது வருடங்களுக்கு முன்பு அங்கீகரிக்கப்பட்ட லே-அவுட்டில் ஒரு கிரவுண்டு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டா இருக்கிறது, வில்லங்கம் இல்லை, சொத்து வரியும் கட்டுகிறார். சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டன, இவருடைய மனை மட்டும் காலி. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனடியாக அனுமதி வாங்கலாம். அப்படி உடனே கிடைக்க வேண்டிய அனுமதி, இப்போது எப்போது என்று தெரியாத அனுமதியாகிவிட்டது. இவர் செய்த தவறு என்ன? எதுவுமில்லை. ஆனால், இவரைப்போல ஆயிரம் பேர் இருந்தால், அது ஆயிரம் கிரவுண்டு.

*ஏற்கெனவே அனுமதி வாங்கியவர்கள்:* அஸ்திவாரம் போட்டு, பாதி கட்டடம் எழும்பிய நிலையில் இருப்பவர்கள். அடுக்குமாடி என்றால், அதில் புக் செய்து முன்பணம் கொடுத்த குடும்பங்களும் இதில் அடக்கம். `அனுமதி கொடுத்தது அரசு. தப்பு என்றால் கொடுத்தவரைத்தானே கேட்க வேண்டும்?' என்பது இவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அதேநேரம், கொடுத்த அனுமதியே சரியா என்ற கேள்வி இருக்கும் இடங்களில், கட்டடம் பாதி எழும்பிவிட்டது என்பதே ஒரு தகுதியாகிவிட்டால், வேகமாகக் கட்டுபவர்தான் ஜெயிப்பார்.

*பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள்:* ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும், மகனுக்குக் கல்யாணமாகிவிட்டது, மாடி எடுக்க வேண்டும் என்பவர்கள். தரைப்பரப்பு கூடாதவரை இவர்களால் தண்ணீரின் வழிக்குப் புதிதாகப் பாதிப்பு இல்லை. வரிசையில் மிக எளிதாகத் தீர்க்கக்கூடிய வழக்கு இவர்களுடையதுதான்.

*பொதுப் பயன்பாட்டுத் திட்டங்கள்:* மருத்துவமனை, பள்ளி, மின் நிலையம், மெட்ரோ, மழைநீர் வடிகால். கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும் பட்டியல் இது. ஆனால், இந்தச் சதுப்பின் பெரிய பெரிய துண்டுகள் போனது இதே பெயரில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

சென்னைக்கு இது புதிது. ஆனால், கட்டுமானத் தடையும் விலக்குமாகப் போராடிய ஊர்கள் வேறு உண்டு.

*மும்பை:* 2016 ஜனவரியில் தேவ்னார் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து நகரமே புகையில் மூழ்கியது. அடுத்த மாதமே மும்பை உயர் நீதிமன்றம், `இருக்கிற குப்பையையே ஒழுங்காகக் கையாளத் தெரியாத நகரத்துக்குப் புதுக் கட்டடங்கள் எதற்கு?' என்ற ரீதியில், புதிய கட்டுமானங்களுக்கு மாநகராட்சி அனுமதி தரத் தடை விதித்தது. பழைய கட்டடங்களை இடித்துவிட்டுக் கட்டும் மறுசீரமைப்புப் பணிகளுக்கு மட்டும் விலக்கு. குப்பைக் கிடங்கு விதிகளுக்கு உட்பட்டு இயங்கும்வரை என்று தடைக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கட்டட இடிபாடுகளை எங்கே கொட்டுவது என்பது உள்ளிட்ட நிபந்தனைகளோடு முதலில் ஆறு மாதங்களுக்கு அந்தத் தடையைத் தளர்த்தியது. இரண்டு வருடங்கள் கட்டுமானத் துறை காத்திருந்தது. குப்பைப் பிரச்னை அதற்குள் தீர்ந்துவிடவில்லை. தடை போடுவதோடு வேலை முடிவதில்லை என்பது மும்பை சொல்லும் பாடம். தடை இருக்கும் காலத்துக்குள் யார் எந்த வேலையை முடிக்க வேண்டும் என்பதைக் கண்காணிக்காவிட்டால், காத்திருந்தவர்களுக்கு நஷ்டம்தான் மிச்சம்.

*சிம்லா:* 2017 நவம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், சிம்லாவின் மையப் பகுதியிலும் வனம் மற்றும் பசுமைப் பகுதிகளிலும் புதுக் கட்டுமானங்களுக்குத் தடை விதித்தது. மற்ற இடங்களில் இரண்டு தளங்களும் அதற்கு மேல் ஒரு பரணும்தான். இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். ஆனால், பழைய வீட்டுக்குச் சட்டப்படி இருந்த அளவைத் தாண்டக் கூடாது. மருத்துவமனை, பள்ளி போன்ற பொதுக் கட்டடங்கள் என்றால், ஒரு மேற்பார்வைக் குழுவின் தனி அனுமதி வேண்டும். விலக்கு எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், யாரிடம் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்த உத்தரவு அது. ஆனால், நகரத்தைத் திட்டமிடுவது அரசின் வேலை என்பதால், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, மாநில அரசின் `சிம்லா வளர்ச்சித் திட்டம் 2041'-க்கு வழிவிட்டது. அரசு தன் திட்டத்தை முதலிலேயே ஒழுங்காகப் போட்டிருந்தால், ஆறு ஆண்டுகள் இழுத்திருக்காது.

*பொலினாஸ்:* அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர். தண்ணீர் போதவில்லை என்று 1971-ல் புதிய குடிநீர் இணைப்புகளுக்கு அந்த ஊரின் குடிநீர் வாரியம் தடை போட்டது. இணைப்பு இல்லாமல் வீடு கட்ட முடியாது. ஊர் அப்படியே இருந்தது. ஆனால், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் சொத்து மதிப்பு எகிறியது. 2010-ல் ஒரே ஒரு இணைப்புக்கான உரிமை ஏலத்துக்கு வந்தபோது, ஆரம்ப விலையே 3 லட்சம் டாலருக்கு மேல்! தடை நீண்டுகொண்டே போனால், அனுமதி என்பதே விற்பனைச் சரக்காகிவிடும். பணம் இருப்பவர் வாங்குவார். இல்லாதவர் ஊரைவிட்டே போவார்.

தராசில் எதை வைப்பது?

ஈரநில விதிகளிலேயே விலக்குக்கான ஒரு கதவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கடந்த 10 ஆண்டுகளில் பதிவான சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு விதி. அதே விதி, ஈரநில ஆணையத்தின் பரிந்துரையோடு மாநில அரசு கேட்டால், தடைசெய்யப்பட்ட செயல்களில் சிலவற்றை நீக்குவது பற்றி மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றும் சொல்கிறது. கதவு இருப்பது தப்பில்லை. அதன் சாவி யார் கையில், எந்தக் கணக்கில் திறக்கப்படுகிறது என்பதுதான் விஷயம்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ, மாநகராட்சியோ, தீர்ப்பாயமோ, யார் விலக்குப் பட்டியலை எழுதினாலும் மூன்று கேள்விகளைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

முதலாவது, இந்த இடத்தில் விழும் தண்ணீரும் இந்த வழியாக வரும் தண்ணீரும் இனி எங்கே போகும்? ஏற்கெனவே சுற்றிலும் வீடுகள் நிறைந்த தெருவில் மிச்சமிருக்கும் ஒற்றை மனையும், ஏரியின் கலங்கலிலிருந்து சதுப்புக்கு வரும் ஓடையை ஒட்டிய மனையும், மேப்பில் ஒரே தூரத்தில் இருக்கலாம். தண்ணீருக்கு இரண்டும் ஒன்றல்ல. மனையின் அளவை மட்டும் பார்த்து விலக்கு கொடுத்தால், முதலாமவருக்கு நியாயம் கிடைக்கும். இரண்டாவது மனையால் ஒரு தெருவே முழுகும்.

இரண்டாவது, மண் கொட்டாமல் கட்ட முடியுமா? தரையை மேடாக்காமல் தூண்களின் மேல் வீட்டை எழுப்பினால், தண்ணீர் அடியில் நகர்ந்துபோக வழி இருக்கும். செலவு கூடும்தான். ஆனால், விலக்கு கேட்பவர் அந்தச் செலவை ஏற்காவிட்டால், அதைப் பக்கத்துத் தெருக்காரர் வெள்ளத்தில் நனைந்த ஃப்ரிட்ஜாகவும் பைக்காகவும் ஏற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரியுமா? விதியை முதலில் அறிவித்துவிட்டு விண்ணப்பங்களை வாங்குவது ஒரு முறை. விண்ணப்பங்களைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப விதியை வளைப்பது இன்னொரு முறை. சர்வே எண், விண்ணப்பதாரர், காரணம், நிபந்தனை என்று ஒவ்வொரு விலக்கும் ஆன்லைனில் வெளிவந்தால், ஒற்றை மனைக்காரரும் பெரிய நிறுவனமும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இல்லாவிட்டால், வக்கீல் வைக்க முடிந்தவருக்கு முதலில் கதவு திறக்கும்.

மனை வாங்கும் முன் இதைப் பாருங்கள்!

சதுப்பு, ஏரி, ஓடை என எந்த நீர்நிலைக்குப் பக்கத்தில் மனை பார்த்தாலும், வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். நிலம் யாருடையது, கடன் இருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும். தண்ணீர் வருமா என்பதைச் சொல்லாது.

* கிராமத்தின் `அ' பதிவேட்டில் அந்த சர்வே எண்ணும் சுற்றியுள்ள எண்களும் முன்பு எப்படி வகைப்படுத்தப்பட்டிருந்தன என்று பாருங்கள். கழுவெளி, ஏரி, ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் உஷார்.

* புலப்பட வரைபடத்தில் வாய்க்கால் ஏதாவது மனையின் ஓரமாகப் போகிறதா என்று பாருங்கள். இன்றைக்கு அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

* லே-அவுட்டுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வாங்கப்பட்டிருக்கிறதா, அதில் என்னென்ன நிபந்தனைகள் இருக்கின்றன என்று கேளுங்கள்.

* 2015-லும் 2023-லும் அந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். சுவரில் இருக்கும் கறையே பாதி பதில் சொல்லிவிடும்.

* தடைப் பகுதிக்குள் வருமோ என்ற சந்தேகம் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சி.எம்.டி.ஏ அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுங்கள். `விலக்கு வந்துடும் சார்' என்ற வாய்வார்த்தையை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போடாதீர்கள்.

ஒற்றை மனைக்காரரைக் காத்திருக்க வைப்பதில் யாருக்கும் சந்தோஷமில்லை. அவருடைய காத்திருப்பைக் குறைக்க இருக்கும் நேர்மையான வழி, எல்லையை அளப்பதையும் தாக்கப் பகுதி ஆய்வையும் கெடு வைத்து முடிப்பது. அது முடிந்தால், தண்ணீரின் வழியில் இல்லாதவர்களுக்கு விலக்கே தேவைப்படாது. தடையே அவர்களைவிட்டு விலகிவிடும். வழியில் இருப்பவர்களுக்கு மாற்று நிலமா, நஷ்ட ஈடா என்று அரசு உட்கார்ந்து பேசலாம். ஆய்வைத் தள்ளிப்போட்டுக்கொண்டு விலக்கை மட்டும் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், மிச்சமிருக்கும் பத்தில் ஒரு பங்கும் போய்விடும். அப்போது, எல்லா அனுமதியும் வாங்கி முறையாக வீடு கட்டியவர்தான் முதல் மாடியில் நின்று படகைத் தேடிக்கொண்டிருப்பார்.